குளிர் நிலாவுக்கு ஒரு மூட்டை உப்பு

அன்றைக்குச் சாயங்காலம் என் உப்புப் பாத்திக் கரையில் இருந்தவர்கள் நான்கு பேர். சென்னையிலிருந்து வந்த மேடம். பெங்களூரிலிருந்து வந்த அவருடைய சிநேகிதிகள் இரண்டு பேர். ஒருவர் நல்ல உயரம், இன்னொருவர் கண்ணாடி போட்டவர். நாலாவது நான். ஐந்தாவது ஆள் கிடையாது. இதை நான் பிற்பாடு பல பேரிடம் சொல்ல வேண்டி வந்தது. பூசாரி யாராச்சும் இருந்தானா என்று கேட்டார்கள். இல்லை. கோழி? இல்லை. பொம்மை, ஆணி, தலைமுடி? எதுவும் இல்லை. என் பொஞ்சாதி அங்கே இல்லை. அவளிடம் நான் சொல்லவே இல்லை.

எனக்குக் கீழ்புத்துப்பட்டு பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை. வாட்ச்மேன் என்று பெயர், ஆனால் மோட்டார் போடுவது, தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவது, வருகிறவர்கள் பெட்டியைத் தூக்குவது எல்லாம் நான்தான். மரக்காணத்தில் நாலு பாத்தி குத்தகைக்கு எடுத்திருக்கிறோம். அதைப் பார்த்துக்கொள்வது என் பொஞ்சாதி. நான் விடியற்காலையிலும் லீவு நாளிலும் போவேன்.

போன வருஷப் புயலில் மூன்று அம்பாரம் உப்பு போய்விட்டது. அம்பாரம் என்றால் மலை மாதிரி குவித்து, தார்ப்பாய் போட்டு, மேலே கல் வைத்திருப்போம். மழை விட்டுப் போய்ப் பார்த்தபோது தார்ப்பாய் மட்டும் தரையோடு தரையாகக் கிடந்தது. கல்லெல்லாம் அதன்மேலேயே இருந்தது. என் பொஞ்சாதி தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். மறுபடி கீழே விட்டாள். இரண்டு பேரும் அழவில்லை. வீட்டுக்கு வந்து ரசம் ஊற்றிச் சாப்பிட்டோம். அவள் செயினை அடகு வைத்துத்தான் இந்த வருஷக் குத்தகையைக் கட்டியது.

நான் சின்ன வயசிலிருந்தே கவலைப்படுகிற ஆள். பஸ்ஸில் ஏறினால் பிரேக் பிடிக்குமா என்று யோசிப்பேன். புயலுக்குப் பிறகு ஒன்று மாறிப்போனது. கவலை அப்படியே இருக்குது, ஆனால் எதுவும் உள்ளே இறங்குவதில்லை. தலை பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும், நெஞ்சு மரக்கட்டை மாதிரி சும்மா கிடக்கும். உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப் போனால் கிள்ளிப் பார்ப்போமே, அது மாதிரி அப்பப்போ கிள்ளிப் பார்த்துக்கொள்வேன்.

மார்கழிப் பௌர்ணமிக்கு முந்தின நாள் அந்த மேடம் என்னைக் கூப்பிட்டு, "அண்ணா, கல்லுப்பு கிடைக்குமா? கடை உப்பு வேணாம். அப்படியே பாத்தியில எடுத்தது" என்று கேட்டார்.

"கிடைக்கும் மேடம். எவ்வளவு?"

"ஒரு பெரிய வட்டம் போடற அளவுக்கு."

எனக்குப் புரியவில்லை என்று முகத்தில் தெரிந்திருக்கும். அவர் சிரித்தார். கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை. நாற்பது வயசு இருக்கும். விரல் நிறைய வெள்ளி மோதிரம். "பயப்படாதீங்கண்ணா. நான் விட்ச்."

"அப்படின்னா?"

"சூனியக்காரி" என்றார் கண்ணாடி போட்டவர், கொஞ்சம் தெரிந்த தமிழில்.

"நல்ல சூனியக்காரி" என்றார் மேடம்.

இந்தப் பௌர்ணமிக்கு அவர்கள் கணக்கில் குளிர் நிலா என்று பெயராம். வெளிநாட்டில் பனி கொட்டுகிற காலத்தில் வருகிற நிலா. அன்றைக்கு உப்பில் வட்டம் போட்டு, உள்ளே நின்று, நாலு திசையையும் கூப்பிட்டு, நமக்கு வேண்டாததை ஒரு தாளில் எழுதி எரித்துவிட வேண்டும். ஒரு ஜாடித் தண்ணீரை நிலா வெளிச்சத்தில் வைத்து எடுத்துப்போய் பிற்பாடு குடிக்க வேண்டும். இதெல்லாம் இப்போது நிறைய பேர் செய்கிறார்கள், போனிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றார். எங்கே செய்வது என்பதுதான் பிரச்சினை. கெஸ்ட் ஹவுஸில் நெருப்பு போட ஓனர் விடமாட்டார். கடற்கரைக்குப் போகலாம் என்றார்கள்.

கடற்கரையில் பொழுது சாய்ந்தால் குடிக்கிற பசங்கள் உட்கார்ந்திருப்பார்கள். மூன்று பொம்பளைகள், மோதிரமும் போனுமாக. ஏதாவது ஆகிப்போனால் போலீஸ் முதலில் என்னைத்தான் கூப்பிடும். இதையெல்லாம் ஒரு நிமிஷத்தில் யோசித்து, நான்தான் சொன்னேன்: "எங்க உப்பளத்துக்கு வாங்க மேடம். ஒருத்தரும் வரமாட்டாங்க. இன்னும் சீசன் ஆரம்பிக்கல."

பௌர்ணமி அன்றைக்கு ஊரில் திருவாதிரை. வீட்டில் களி கிண்டிவிட்டு என் பொஞ்சாதி கோயிலுக்குப் போயிருந்தாள். விளக்கு வைத்த பிறகு உப்பைக் கையில் கொடுக்கக் கூடாது என்று ஒரு வழக்கம் இருப்பதால், வெளிச்சம் இருக்கும்போதே போய் ஷெட்டுக்கு முன்னால் ஒரு மூட்டையை இறக்கி வைத்துவிட்டேன். பாத்திக்குப் பக்கத்தில் உப்பைக் குவிப்பதற்காக மெழுகி வைத்த மேடு உண்டு. களம் என்போம். அங்கேதான் வட்டம்.

மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு உப்பைக் கையால் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டே சுற்றி வந்தார். நல்ல சுத்தமான வட்டம். நடுவில் ஒரு இரும்புச் சட்டி, காய்ந்த ஆரஞ்சு வில்லை, கிராம்பு, பட்டை, வெள்ளை மெழுகுவத்தி, கறுப்பு மெழுகுவத்தி. காற்றில் மெழுகுவத்தி நிற்கவே இல்லை. உயரமானவர் ஏழெட்டு தீக்குச்சியை வீணாக்கிவிட்டு, பையிலிருந்து பேட்டரியில் எரிகிற மெழுகுவத்தியை எடுத்து வைத்தார். மேடம் முறைத்தார்.

நான் ஷெட் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். நாலு திசைக்கு நாலு பேர் வேண்டும், வர வேண்டிய ஒருத்தி காய்ச்சல் என்று வரவில்லை என்றார்கள். "அண்ணா, நீங்க வாங்க. நீங்க தெற்கு."

தெற்கு எமன் திசை. அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் வட்டத்துக்குள் போய் நின்றுவிட்டேன். கண்ணாடிக்காரர் ஒரு தாளும் பேனாவும் கொடுத்தார். எது போக வேண்டுமோ அதை எழுதச் சொன்னார். நான் எட்டாவதோடு நின்றவன். கையெழுத்துக் கேட்டாலே கை வியர்த்துவிடும். எழுதினால் அது என்றைக்காவது யார் கையிலாவது கிடைத்து என்மேல் கேஸாகிவிடுமோ என்றும் ஒரு யோசனை. உண்மையைச் சொன்னால், எழுத எதுவும் தோன்றவில்லை. அந்தத் தார்ப்பாயை நினைத்துப் பார்த்தேன். அது வெறும் தார்ப்பாயாகத்தான் இருந்தது. தாளை வெறுமையாக மடித்துச் சட்டியில் போட்டேன். நன்றாகத்தான் எரிந்தது.

மேடம் அழுதார். சத்தமில்லாமல், ரொம்ப நேரம். மற்ற இரண்டு பேரும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். நிலா கடல் பக்கமிருந்து மேலே வந்துவிட்டிருந்தது. நான் ஈ.சி.ஆர். ரோட்டில் போகிற லாரிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தெற்கில் நின்றேன். பிறகு போன் பார்த்து ஏதோ படித்து, முடிந்தது என்று வட்டத்தைத் திறந்தார்கள். ஆயிரம் ரூபாயைக் கையில் கொடுத்துவிட்டு, ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு காரில் கிளம்பினார்கள்.

அவர்கள் போன பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. விடிந்தால் மிதிக்கிற ஆட்கள் வருகிறார்கள். மழைத் தண்ணீரை வடித்து, சேற்றை வழித்து, பாத்தித் தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்தினால்தான் உப்பு சுத்தமாக இறங்கும். மிதிப்பது பொம்பளைகள் வேலை. என் பொஞ்சாதியோடு சேர்த்து ஏழு பேர். நல்ல ஆட்களைப் பொங்கலுக்கு முன்னாலேயே எல்லாரும் பிடித்துவிடுவார்கள். இவர்களும் போய்விட்டால் ஒரு மாசம் தள்ளிப்போகும். ஒரு மாசம் தள்ளினால் குத்தகைக் காசு வராது, செயின் மூழ்கிப் போகும். அவர்கள் வந்ததும் சோத்து டப்பாவை வைக்கிற இடமே இந்தக் களம்தான்.

துடைப்பத்தை எடுத்துக் கூட்டினேன். கூட்டின உப்பை என்ன செய்வது? மூட்டையில் திரும்பப் போட முடியாது. மெழுகுவத்தித் துண்டும் சாம்பலும் கலந்துவிட்டது. கடலுக்குக் கொண்டுபோகும்போது ஆள் எதிரில் வந்தால் என்ன சொல்வது? பக்கத்துப் பாத்தியில் தண்ணீர் மினுங்கியது. அதில் தள்ளினால் கரைந்துவிடும் என்று மொத்தத்தையும் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போய்க் களி சாப்பிட்டேன்.

அது தண்ணீரே இல்லை. அந்தப் பாத்தியை நானே வடித்திருந்தேன். ஈரச் சேற்றில் நிலா வெளிச்சம் பட்டுத் தண்ணீர் மாதிரி தெரிந்திருக்குது.

காலையில் நான் பின்னால் வண்டியில் வருவதற்குள் ஏழு பேரும் வரப்பில் வரிசையாக நின்றிருந்தார்கள். யாரும் இறங்கவில்லை. கறுப்புச் சேற்றில் வெள்ளை வெளேரென்று உப்பு. அதன்மேல் கறுப்பு மெழுகுவத்தித் துண்டு, கிராம்பு, ஆரஞ்சு வில்லை. ஒரு வில்லை முகம் பார்க்கிற மாதிரி மேலே திரும்பி இருந்தது.

மிதிக்கிற செட்டுக்குத் தலைவி மாதிரி ஒரு அக்கா. குரலெடுத்தால் அடுத்த பாத்திக்குக் கேட்கும்.

"ஏம்பா, இன்னாது இது?"

"உப்பு அக்கா."

"உப்புன்னு தெரியுது. நான் இன்னா சர்க்கரைன்னா சொன்னேன்? யாரு கொட்டனது?"

எடுத்த உப்பை மறுபடி பாத்தியில் கொட்டக் கூடாது. எங்கள் பக்கத்தில் ஒருத்தன் பாத்தி விளங்காமல் போகணும் என்று நினைக்கிறவன்தான் அப்படிச் செய்வான். இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். துடைப்பம் கையில் இருந்தபோது தெரியவில்லை.

"நான்தான் அக்கா."

"நீயா? உன் பாத்தியில நீயேவா?" எல்லாரையும் திரும்பிப் பார்த்தார். "சொந்தக் காசுல சூனியம் வெச்சிக்கறதுன்னு பேச்சுக்குச் சொல்லுவாங்க. இன்னிக்குத்தான்டி கண்ணால பாக்கறேன்."

நடந்ததைச் சொன்னேன். மெட்ராஸ் மேடம், நிலா, நாலு திசை எல்லாம். சொல்லச் சொல்ல அது இன்னும் கெட்டதாகத்தான் ஆனது.

"எலுமிச்சம்பழம் எதுவும் வெட்டலக்கா. வெறும் ஆரஞ்சு."

"ஆரஞ்சுன்னா இன்னா? எலுமிச்சம்பழத்துக்குப் பெரியம்மா" என்றாள் பின்னால் ஒருத்தி. இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"இதோ பாருப்பா. ஆறு வருஷம் கழிச்சு என் மருமக முழுகாம இருக்கிறா. இந்தச் சேத்த மிதிச்ச காலோட நான் அந்த வீட்டுக்குள்ள போகணும். நான் இறங்கமாட்டேன். இவளுங்களையும் இறங்கச் சொல்லமாட்டேன். அந்தாண்ட முதலியார் அளத்துல ஆள் கேட்டுனு இருக்கிறாரு, அங்க போறோம்."

என் பொஞ்சாதி வரிசையின் கடைசியில் நின்றாள். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள், மிதிக்கத் தயாராக. என்னைப் பார்க்கவில்லை. இவளாவது இறங்குவாளா என்று பார்த்தேன். இவள் இறங்கினால் மற்றவர்களும் யோசிப்பார்கள். அவள் வரப்பிலிருந்து காலை எடுக்கவில்லை. எனக்கு அப்போது ஏதாவது வந்திருக்கணும், கோபமோ அழுகையோ. ஒன்றும் வரவில்லை. செயினுக்கு வட்டி கட்ட வேண்டிய தேதி எது என்றுதான் தலை ஓடியது.

"நானே எல்லாத்தையும் வழிச்சி எடுத்துடறேன் அக்கா."

"நீ எடுத்தா ஆவுமா? வட்டம் போட்டது எந்தக் கையோ அந்தக் கைதான் எடுக்கணும்."

"கொட்டினது நான்தானே?"

"நீ தொடப்பம்பா" என்றார் அக்கா. "போய் அவளைக் கூட்டியா. பத்து மணி வரைக்கும் உக்காந்திருப்போம்."

கீழ்புத்துப்பட்டு போய்ச் சேர்கிற வரைக்கும் என்னென்னவோ யோசித்தேன். அவர்கள் ஓனரிடம் சொல்லிவிடுவார்கள். வேலை போகும். இல்லை, போலீஸுக்குப் போன் பண்ணுவார்கள். இல்லை, காலையிலேயே கிளம்பிப் போயிருப்பார்கள். மூன்றில் மூன்றாவதுதான் பெரிய பயமாக இருந்தது.

கிளம்பவில்லை. ஆரோவில்லுக்குப் போகப் பையை காரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் சொல்லி முடித்ததும் உயரமானவர், "இதெல்லாம் மூடநம்பிக்கை" என்று சொல்லிவிட்டு டிக்கியைச் சாத்தினார். கண்ணாடிக்காரர் மணியைப் பார்த்தார். மேடம் மட்டும், "அவங்க ரொம்பக் கோவமா இருக்காங்களா?" என்று கேட்டார்.

"பயந்து போயிருக்காங்க மேடம்."

அவர் மற்ற இரண்டு பேரையும் அங்கேயே விட்டுவிட்டு, காரை எடுத்துக்கொண்டு என் வண்டிக்குப் பின்னால் வந்தார்.

வரப்பில் வந்து நின்றதும் எல்லாரும் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்கள். அவர் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். முதல் அடியிலேயே முழங்கால்வரை போய்விட்டது. என்னிடம் ஒரு பிளாஸ்டிக் பக்கெட் இருந்தது, கொடுத்தேன். குனிந்து இரண்டு கையாலும் உப்பையும் சேற்றையும் சேர்த்து அள்ளினார்.

"நெயில் பாலிஷ் போவுதுடி, பாவம்."

"அந்தப் பக்கம் ஒரு கிராம்பு இருக்குது பாரும்மா. அதையும் எடு. பிரியாணிக்கு ஆவும்."

அவர் அதையும் எடுத்தார். ஒருத்தி, "பாத்து, கண்ணாடித் துண்டு கிடக்கும்" என்றாள், கேலி இல்லாமல்.

அக்கா வரப்பிலேயே குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். "ஏம்மா, யாருக்கு வெச்ச இதை?"

"யாருக்கும் வெக்கலைங்க." மூச்சு வாங்கியது அவருக்கு. "எனக்குத்தான். போன வருஷம் எங்கம்மா போயிட்டாங்க. கடைசியா நான் போய்ப் பாக்கல. அது என்னை விடவே மாட்டேங்குது. என்மேல இருக்கறதத்தான் இறக்கிப் போட்டேன்."

"இறக்கி எங்க போட்ட? எங்க பாத்தியிலதானே?"

மேடம் சேற்றில் கையை விட்டபடியே நின்றார். பிறகு, கேலியாக இல்லை, நிஜமாகவே கேட்டார்: "வேற எங்கதாங்க போடறது?"

"எனக்கு இன்னா தெரியும்?" என்றார் அக்கா. "எங்கள்தெல்லாம் நாங்க வீட்லயே வெச்சினு இருக்கிறோம்."

அதற்குப் பிறகு யாரும் கேலி பண்ணவில்லை. இன்னும் ஆழமாக எடு, ஒரு கை ஆழம் எடு என்று மட்டும் அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று பக்கெட் ஆனது. அதை எங்கள் ஊரில் எங்கேயும் கொட்டக் கூடாது என்றார்கள். மேடம் காரில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து அதன்மேல் மூன்று பக்கெட் சேற்றையும் கொட்டிக் கட்டிக்கொண்டார். அந்த வாடை காரைவிட்டுப் போக எத்தனை நாள் ஆகியிருக்குமோ.

அக்கா எழுந்தார். "இன்னிக்கு வெயில் ஏறிடுச்சு. நாளைக்கு மிதிக்கிறோம். இன்னிக்குக் கூலி யாரு குடுக்கறது? ஏழு பேரு, ஆளுக்கு ஐந்நூறு."

"நான் தர்றேன்" என்றார் மேடம், சேற்றுக் கையோடு போனைத் தேடிக்கொண்டு. உப்பளத்தில் டவர் சரியாக எடுக்காது. ரோட்டுக்குப் போய் என் நம்பருக்கு இரண்டாயிரம் போட்டார். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் போகுது அண்ணா, மீதியை நாளைக்குப் போடறேன் என்று மெசேஜ் வந்தது, பக்கத்தில் ஒரு நிலாப் படம். அந்த மீதி வரவில்லை. மறந்திருக்கலாம். நான் கேட்கவில்லை. கேட்டால் ஓனர் காதுக்குப் போய்விடுமோ என்று ஒரு பயம், போனை எடுப்பேன், வைத்துவிடுவேன்.

மறுநாள் வந்து மிதித்தார்கள். அக்கா முதல் அடி வைக்கும்போது மட்டும் கொஞ்சம் நின்றார். மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு சளக் சளக் என்று ஆரம்பித்தார்கள். கடைசியாக இறங்கினது என் பொஞ்சாதி. மாசியில் உப்பு இறங்கியது. அந்தப் பாத்தியிலும் மற்றப் பாத்தி மாதிரியேதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அக்காவுக்குப் பேத்தி பிறந்து நன்றாக இருக்குது. பார்த்தேன். நன்றாகத்தான் இருக்குது என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

கூலியை மேடம் போட்ட இரண்டாயிரத்தில் நாலு பேருக்கு அன்றைக்கே கொடுத்தேன். அக்காவுக்கும் இன்னொருத்திக்கும் முதல் லோடு உப்பு போனபோது கொடுத்தேன். கணக்கு முடிந்தது என்று சாப்பிட உட்கார்ந்தபோது என் பொஞ்சாதி சோற்றைப் போட்டுவிட்டுக் கேட்டாள்: "எனக்கு?"

"உனக்கு இன்னா?"

"அன்னிக்குக் கூலி. ஏழு பேர்ல நானும் ஒருத்திதானே. நானும்தானே காலையில கிளம்பி வந்தேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று பார்த்தேன். இல்லை.

"நம்ம பாத்திதானேடி?"

"நம்ம பாத்தின்னா, அவங்கள அங்க கூட்டியாறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருப்பே" என்று சொல்லிவிட்டு மோர் எடுக்க உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு சண்டை எதுவும் இல்லை. செயினை மீட்டாயிற்று, கழுத்தில்தான் இருக்குது. எப்பவும் போல சமைக்கிறாள், பேசுகிறாள். சம்பள நாளில் நான் பணத்தை எடுத்து வைத்தால், வீட்டுச் செலவுக்கு எண்ணி எடுத்துக்கொண்டு மீதியை அப்படியே வைத்துவிடுவாள். அந்தக் கூலி இதில் சேராது, தனியா கொடு என்கிறாள். தனியாக நீட்ட எனக்குக் கை வரமாட்டேன் என்கிறது. அவளுக்கு மட்டும் இன்னும் பாக்கி, ஐந்நூறு ரூபாய்.